அப்பத்தாவின் பொடியும் அரை மூடி எலுமிச்சையும்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கத் தோழிகளோடு விடியும் முன்பே வைகைக் கரைக்குப் போவதாக ஏற்பாடு. அத்தனை கூட்டத்தில் முகம் பளிச்சென்று இருக்க வேண்டாமா? தோழி ஒருத்தி சொன்ன யோசனைப்படி அரை மூடி எலுமிச்சம்பழத்தை எடுத்து முகத்திலும் கழுத்திலும் அழுத்தித் தேய்த்தேன். எரிந்தது. "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள் அவள். ஒப்புக்கு ஒரு கை தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மதியம் வரை வெயிலில்தான் நின்றோம்.

மறுநாள் கன்னம் சிவந்து தகித்தது. ஒரு வாரத்தில் சிவப்பு போய், விரல் தேய்த்த தடம் தடமாகப் பழுப்புக் கோடுகள் வந்தன. கழுத்தில் சாறு வழிந்த இடமெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கறை. அப்பத்தா என் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மூஞ்சி என்ன பித்தளைச் சொம்பாடி, புளிப்பப் போட்டு வெளக்குறதுக்கு?"

தோல் மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எலுமிச்சை தேய்ச்சிட்டு வெயில்ல போனீங்களாம்மா?" என்பதுதான். இந்தக் கறையை அவர் வாரத்துக்கு ஒன்றாவது பார்ப்பாராம். எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் சோரலென் குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்கள் இருக்கின்றன. இவை தோலில் படிந்திருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்துபோகும். ஆறிய பிறகும் கருமை தங்கிவிடும். என் முகத்தில் அது மூன்று மாதம் தங்கியது.

இன்றைக்குக் கைப்பேசியைத் திறந்தால் அந்தத் தோழியின் யோசனைதான் ஆயிரம் குரலில் கேட்கிறது. எலுமிச்சையோடு சோடா உப்பு, சோடா உப்போடு பற்பசை, பற்பசையோடு காபித் தூள் என்று கலவைகள் பெருகிக்கொண்டே போகின்றன. எல்லாவற்றுக்கும் 'பாட்டி வைத்தியம்' என்றுதான் பெயர். எந்தப் பாட்டி பற்பசையை முகத்தில் பூசினாள்?

மில்லில் கேட்க வேண்டிய கேள்வி

எங்கள் வீட்டில் அப்பத்தா இருந்தவரை குளியல் பொடி கடையில் வாங்கியதே இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை சாமான் வாங்கி, மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி விரித்துக் காயவைத்து, மில்லுக்கு அனுப்புவாள். அரைக் கிலோ பாசிப்பயறு, கால் கிலோ கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர் ஐம்பது ஐம்பது கிராம், ஒவ்வொரு கை ஆவாரம்பூ, ரோஜா இதழ், மகிழம்பூ. தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரே ஒரு கட்டளை: "முன்னாடி மொளகா அரைச்சாங்களான்னு கேட்டுட்டுப் போடு." கேட்காமல் அரைத்து வந்தால் அடுத்த ஆறு மாதம் குளியலறையில் அலறல்தான்.

இந்தப் பொடியை ஊருக்கு ஒரு பேரில் சொல்கிறார்கள். நலங்கு மாவு என்பார்கள், ஸ்நானப் பொடி என்பார்கள், வெறுமனே பயத்தமாவு என்று முடித்துக்கொள்பவர்களும் உண்டு. அடிப்படை ஒன்றுதான், பருப்பு. பருப்பு வகைகளில் சபோனின் என்ற பொருள் கொஞ்சம் இருக்கிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை வருவது இதனால்தான். இது எண்ணெய்ப் பசையை நீரோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், ஆனால் சோப்பைப் போல மொத்தமாக உரித்தெடுக்காது. மாவுச்சத்தும் புரதமும் மிச்ச எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். தோலின் அமைப்பைப் பார்த்தால் புரியும். நம் உடம்பின் வெளிச்சுவராக இருக்கும் மேலடுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு கனம்தான். பனையோலைக் கூரை போலச் செத்த செல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வேயப்பட்டு, இடையிடையே கொழுப்பு பூசி அடைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் கிருமி உள்ளே வராமலும் காப்பது இந்தக் கூரைதான். இதன் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. பிஹெச் கணக்கில் ஏறக்குறைய 4.5-லிருந்து 5.5 வரை. சாதாரண குளியல் சோப்பு 9-லிருந்து 10 வரை காரம். ஒவ்வொரு முறை சோப்பு போடும்போதும் கூரையிலிருந்து கொஞ்சம் கொழுப்பு கரைந்து போகிறது, தோல் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகிறது. குளித்து முடித்ததும் முகம் 'சர்ர்' என்று இழுத்துப் பிடிக்கிறதே, அதைச் சுத்தத்தின் அடையாளம் என்று நினைக்கிறோம். கூரை பிய்ந்ததற்கான புகார் அது.

ஆக, அப்பத்தாவின் பொடி செய்த நல்ல காரியம் எதையும் முகத்தில் சேர்த்ததால் வந்ததில்லை. சோப்பு எடுத்துக்கொண்டு போவதை அது எடுக்கவில்லை, அவ்வளவுதான். பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத அளவுக்கு எளிமையான உண்மை இது. அதனால்தானோ என்னவோ, விளம்பரங்களில் இது வருவதே இல்லை.

அவள் பொடியில் ஒரு சாமானை மட்டும் நான் நிறுத்திவிட்டேன், மேலே பட்டியலிலும் சேர்க்கவில்லை: கார்போகரிசி. நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிச் சாமான் என்று கேட்டால் இதையும் சேர்த்தே மடித்துத் தருவார்கள். தோல் நோய்களுக்குப் பேர்போன விதை. இதிலும் அதே சோரலென் இருக்கிறது, எலுமிச்சையைவிட அதிகமாகவே. வெண்புள்ளிக்கு இந்த விதையைக் கொடுத்து வெயிலில் நிற்கச் சொல்வது நம் நாட்டுப் பழைய வைத்திய முறை. 1940-களின் இறுதியில் எகிப்திய மருத்துவர் எல் மோஃப்டி, தம் நாட்டுச் செடி ஒன்றிலிருந்து எடுத்த சோரலெனை வைத்து இதே வழியில் வெண்புள்ளிக்குச் சிகிச்சை செய்தார். தோல் மருத்துவமனைகளில் சோரலெனும் புற ஊதா ஒளியும் சேர்த்துத் தரும் சிகிச்சைக்கு வேர் அங்கேதான். கறுக்க வைக்கிற மருந்து அது. முகம் தெளிய வேண்டும் என்பவர் அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போவது வீண் வம்பு.

பொடியைப் பயன்படுத்தும் விதமும் முக்கியம். முகத்துக்கென்றால் சலித்த மாவைத்தான் எடுக்க வேண்டும். கரகரப்பு இருந்தால் அது கீறும். தண்ணீரிலோ தயிரிலோ குழைத்து, பூசிய மாத்திரத்தில் கழுவிவிடலாம். காய்ந்து வெடிக்கும்வரை உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். காய்கிற மாவு தோலின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு காய்கிறது. முல்தானி மிட்டிக்கும் இதே எச்சரிக்கை. எண்ணெய் வழியும் முகத்துக்கு அது நல்லது, வறண்ட தோலுக்கு ஆகாது. பருக்கள் சீழ் கோத்து இருக்கும்போது எந்தப் பொடியையும் தேய்க்காதீர்கள். பிறந்த குழந்தைக்கும் பொடி வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

மஞ்சள் ஜெயித்த வழக்கு

மஞ்சளைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் ஈரோட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ச் சரக்கு அது.

1995-இல் அமெரிக்காவின் மிசிசிபி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளைப் புண் ஆற்றப் பயன்படுத்துவதற்கென்று ஒரு காப்புரிமை கிடைத்தது. நம் வீட்டில் கால் இடித்து ரத்தம் வந்தால் பாட்டிகள் ஓடிப்போய் அப்பும் அதே மஞ்சள். விஞ்ஞானி மஷேல்கர் தலைமையில் இருந்த மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். அதை எதிர்த்தது. இது எங்கள் நாட்டில் தொன்றுதொட்டு இருக்கும் வழக்கம் என்பதற்குப் பழைய நூல்களையும் பழைய மருத்துவ இதழையும் ஆதாரமாகக் காட்டியது. 1997-இல் காப்புரிமை ரத்தானது. இந்தக் கதையைப் பலரும் மார்தட்டிச் சொல்வார்கள். நான் கவனிப்பது வேறொன்று. சண்டை நடந்ததெல்லாம் மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்காக. முகத்தை வெளுக்க வைக்கும் என்பதற்கு யாரும் காப்புரிமை கேட்கவில்லை, யாரும் எதிர்க்கவும் இல்லை.

மஞ்சளில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பங்கு வரைதான் குர்குமின். வீக்கத்தையும் கிருமியையும் தணிக்கும் குணம் அதற்கு உண்டு. தண்ணீரில் சரியாகக் கரையாது, தோலுக்குள்ளும் எளிதில் இறங்காது. சும்மா குழைத்துப் பூசினால் பெரும்பகுதி மேலேயே நின்று சாயம் போடும். சிறு பருவுக்கும் கீறலுக்கும் நல்ல துணை, அதற்கு மேல் பாரம் ஏற்ற வேண்டாம்.

வாங்கும்போது கிழங்காக வாங்குங்கள். பொடியில் மெட்டானில் மஞ்சள் என்ற சாயமும், ஈயம் கலந்த குரோமேட்டும் கலப்படமாக வருவதுண்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி பொடியைப் போட்டுப் பாருங்கள். நல்ல மஞ்சள் அடியில் தங்கி, தண்ணீர் வெளிர் மஞ்சளாக நிற்கும். சாயப் பொடி தண்ணீர் முழுக்க அடர் மஞ்சளாக ஏறிவிடும். கஸ்தூரி மஞ்சளில் வேறொரு ஏமாற்று. அசல் கிழங்கின் பொடி பளீரென்ற மஞ்சளாக இருக்காது, சந்தன நிறத்துக்குப் பக்கத்தில் வெளிறி இருக்கும், வாசனை தூக்கும். 'நல்லா மஞ்சளா இருக்கிறதா குடுங்க' என்று கேட்டு வாங்குபவருக்குப் பெரும்பாலும் வேறு கிழங்குதான் கிடைக்கும்.

எண்ணெய்க்கு மட்டும் சாட்சி உண்டு

வீட்டு வைத்தியங்களில் ஆய்வுக்கூடம் வரை போய்ப் பெயரோடு திரும்பி வந்தது எண்ணெய். வறண்டு செதில் கிளம்பும் தோலுக்குத் தேங்காய் எண்ணெயைப் பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்துக் கடையில் விற்கும் மினரல் ஆயிலுக்கு அது சளைக்கவில்லை. வங்கதேசத் தலைநகர் டாக்காவில் ஒரு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு மருத்துவமனைக் கிருமித் தொற்று குறைந்தது என்று 2005-இல் லான்செட் இதழில் வந்தது. கூரையின் ஓட்டையை எண்ணெய் அடைக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் ஊர் வழக்கம் நல்லெண்ணெய். பெண்களுக்கு வெள்ளி, செவ்வாய். ஆண்களுக்குச் சனி. இப்போது தீபாவளிக்குத் தீபாவளி என்றாகிவிட்டது. "எண்ணெ தேய்ச்ச அன்னைக்கு வெயில்ல அலையாதே" என்று பெரியவர்கள் சொன்னதையும் அதோடு சேர்த்து மறந்துவிட்டோம். தினசரிக்கு இவ்வளவு போதும்: குளித்துவிட்டுத் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காயும் முன்பே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், கை கால்களில் நாலு சொட்டு எண்ணெய். காய்ந்த தோலில் பூசினால் எண்ணெய் பிசுக்குத்தான் மிஞ்சும். ஈரத்தின் மேல் பூசினால் ஈரத்தைப் பூட்டி வைக்கும்.

முகப்பரு வரும் வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் தேங்காய் எண்ணெயை முகத்தில் தடவாதீர்கள், துவாரத்தை அடைத்துப் பருவைக் கிளப்பும். குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது. எண்ணெய்க்கு இடம் தோலின் மேலேதான்.

மற்றதையெல்லாம் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். தயிரில் லாக்டிக் அமிலம் இருக்கிறது, பத்து நிமிடம் பூசிக் கழுவினால் தோல் மிருதுவாகும். தேன் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கற்றாழையை வெட்டியதும் அப்படியே அப்பாதீர்கள். வெட்டிய இடத்தில் வடியும் மஞ்சள் பால் அரிப்பைக் கொண்டுவரும். நிமிர்த்தி வைத்து வடியவிட்டு, உள்ளே இருக்கும் சோற்றை எடுத்துப் பலமுறை அலசிய பிறகே பூச வேண்டும். உருளைக்கிழங்கும் தக்காளியும் குழம்புக்குப் போகட்டும். கொரியாவின் அழகு ரகசியம் என்று சில நூறு ரூபாய்க்குப் புட்டியில் வருவது அரிசி கழுவிய தண்ணீர். எங்கள் வீட்டில் அதைக் கழனித் தொட்டியில் ஊற்றி மாட்டுக்கு வைத்தோம். அந்த மாட்டின் தோல் பளபளவென்றுதான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

எதைப் பூசுவதானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். மஞ்சளும் வேப்பிலையும்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளையாகத் தழும்பு தெரிந்தால் பொட்டை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், அந்தப் பசையில் இருக்கும் ரசாயனம் நிறத்தைத் தின்றுவிடும்.

கறுப்பு என்ன அழுக்கா?

இத்தனை கலவைகளுக்கும் அடியில் ஒரே ஆசைதான் ஓடுகிறது. 'ஃப்ரெஷ்ஷா இருக்கணும்' என்று வாய் சொல்லும், மனசுக்குள் 'சிவப்பாகணும்' என்றிருக்கும். 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-இல் 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. கறுப்பும் அழகுதான் என்று 2009-இல் ஒரு இயக்கம் தொடங்கியதும் நம் சென்னையிலிருந்துதான். பெயர் மாறிவிட்டது. மணமகள் தேவை விளம்பரம் மாறவில்லை.

நம் நிறம் மெலனின் என்ற நிறமியால் வருவது. எவ்வளவு என்பது பிறப்பிலேயே தீர்மானமாகிவிட்டது. வெயில் பட்டால் கூடும், வெயிலைத் தவிர்த்தால் பழைய அளவுக்கு இறங்கும். அதற்குக் கீழே கொண்டுபோக எந்தப் பருப்பு மாவாலும் முடியாது. முடியும் என்று வருகிற களிம்புகளில் என்ன இருக்கிறது என்பதுதான் பயம். சிலவற்றில் ஸ்டீராய்டு. பத்து நாளில் முகம் மினுங்கும், நிறுத்தினால் எரியும். தொடர்ந்தால் தோல் மெலிந்து நரம்போடி, பரு கிளம்பி, கன்னத்தில் ரோமம் முளைக்கும். 2018-இல் இப்படிப் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. இன்னும் சிலவற்றில் பாதரசம். கேரளத்தின் மலப்புறம் பக்கம் சிறுநீரக நோயோடு வந்த பலரை விசாரித்தபோது, அவர்கள் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள் என்று தெரிந்து 2023-இல் செய்தியானது. முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் நின்றிருக்கிறது. 'மூலிகை' என்று அட்டையில் போட்டிருப்பதால் இதெல்லாம் உள்ளே இல்லை என்று நம்பிவிடக் கூடாது.

அதேபோல், எல்லாக் கருமையும் முகப்பூச்சு சமாச்சாரமும் இல்லை. கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்து, தடித்து, வெல்வெட் மாதிரி இருக்கிறதா? தேய்த்துக் குளிக்கவில்லை என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தோல் இப்படிக் காட்டிக்கொடுக்கும். நார் போட்டுத் தேய்த்தால் இன்னும் கறுக்கும். சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்துப் பாருங்கள், எடை குறைந்தால் கழுத்தும் தெளியும். கன்னத்தில் வரும் மங்குக்கு ஜாதிக்காய் உரைத்துப் போடுவது வழக்கம். பிள்ளைப்பேறு, கருத்தடை மாத்திரை, பரம்பரை என்று அதற்குக் காரணம் பல. எதனால் வந்தாலும், வெயில் பட்டுக்கொண்டே இருக்கும்வரை எந்தக் காயும் அதைக் கரைக்காது.

வெயிலுக்கு வந்துவிட்டோம். தமிழ்நாட்டுக் கோடை உச்சியில் புற ஊதாக் குறியீடு 10-ஐத் தாண்டிப் போகும். 11-ஐத் தொட்டால் உலக சுகாதார நிறுவனக் கணக்கில் அது கடைசிப் படி, அதீதம். காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு வரை குடை பிடியுங்கள். ஆண்கள் குடை பிடிக்கக் கூச்சப்படுகிறார்கள், மழைக்கு மட்டும் கூச்சம் போய்விடும். வெளியே வேலை இருப்பவர்களுக்கு எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன். சமையலறையில் இதற்கு மாற்று கிடையாது, கடையில்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று. மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும், வயதானால் இன்னும் கூடும். ஏழு நாளில் முகம் மாறும் என்று யாராவது சொன்னால், ஆள் பொய் சொல்கிறார் அல்லது டப்பாவில் ஸ்டீராய்டு இருக்கிறது. ஒன்றைத் தொடங்கினால் ஒரு மாதம் அதை மட்டும் செய்து பாருங்கள்.

போன மாதம் தங்கை மகள் வந்திருந்தாள். கல்லூரிச் சுற்றுலாவுக்குக் கிளம்பும் அவசரத்தில், "பெரியம்மா, ஃப்ரிட்ஜ்ல எலுமிச்சம்பழம் இருக்கா?" என்றாள். எதற்கென்று கேட்கவே இல்லை. டப்பாவிலிருந்து பொடியைச் சலித்துத் தயிரில் குழைத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாள், வாங்கிக்கொண்டாள்.

உங்கள் வீட்டிலும் எலுமிச்சம்பழம் மிஞ்சிக் கிடந்தால் நறுக்கி உப்புப் போட்டு ஊறுகாய்க்கு ஊறவையுங்கள். நறுக்கிய கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அதன் பிறகு ஜாடியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடி வெயிலுக்குப் போங்கள்.